அரைப்புள்ளி தேய்ந்த விசைப்பலகை

போன கிழமை உங்கள் கணினிப் பயிற்சி வகுப்புக்கு வந்தபோது, கடைசி வரிசையில் இருந்த தம்பி ஒருவர் எழும்பி, "அன்ரி, பாஸ்வேர்ட் தெரியாமல் வாற ஆக்களுக்கு நீங்கள் முதல்ல என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். "தேத்தண்ணி குடுப்பன்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அது பகிடி இல்லை, பிள்ளைகளே. விளங்கப்படுத்த அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் கணினி திருத்தும் கடை இருந்தது. கடையில் நானும் மாளிகாவத்தையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் அண்ணரும்தான், அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியைக் கழற்றுவது, ஒட்டுவது, ஊதுவது எல்லாம் அவர் வேலை. பெட்டிக்குள் இருக்கிற கோப்புகள் என் வேலை. கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கிற தேத்தண்ணிக் கிளாஸ்கள் நடுங்கும். நானா அதைப் பிடிக்கவே மாட்டார், "விழுந்தா விழட்டும், புள்ள" என்பார்.

அந்த நாட்களில் ஆட்கள் எதைப் பூட்டித் தரச்சொல்லிக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் படங்கள். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் பின்வரிசையில் நின்ற ஒருவன் பிறகு இயக்கத்துக்குப் போயிருந்தால், அந்தப் படம் வீட்டில் இருக்கக்கூடாது. சுற்றிவளைப்பில் அலுமாரியைக் கிளறுகிறவர்களுக்கு முன்னால் ஒரு தாய் எத்தனை பொய்தான் சொல்வாள்? படத்தை ஸ்கான் பண்ணி, வலுவான குறியாக்கத்தில் பூட்டிவிட்டு, கடதாசியை அடுப்பில் போட்டார்கள். "அக்கா, ஒருத்தராலும் திறக்க ஏலாத மாதிரிப் பூட்டுங்கோ" என்பார்கள். "ஒருத்தராலும் எண்டால் உங்களாலும்தான். கடவுச்சொல்தான் திறப்பு, அதைத் துலைச்சிட்டு என்னட்ட வந்து அழக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்பேன். என் வாய் அப்போதும் இப்படித்தான்.

வதனி வந்தது ஒரு மத்தியானம். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை. பின்னால் முச்சக்கர வண்டிக்காரர் கணினியையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கிறாள். புருஷன் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோக்கிற வேலை செய்தவர். கல்யாணக் காட், கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்பாராம். ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர், ஆபிரிக்காவில் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒருமுறை போன் எடுத்தவர். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"உங்கட அவற்ற பேர் என்ன?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்துப் பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டினவனின் பேரைச் சொல்லாத பெண்டுகள் கொழும்பிலும் இருக்கிறார்களா என்று நினைத்தேன். அந்த நினைப்போடு விட்டுவிட்டேன்.

"போக முதல் பிள்ளைக்கு எண்டு தன்ர குரலைப் பதிஞ்சு இதுக்குள்ள வைச்சுப் பூட்டினவர், அக்கா. இவளுக்கு அப்பாவின்ர முகமே மறந்துபோச்சு. படத்தைக் காட்டினால் 'மாமா' எண்டுறாள். குரலையாவது கேக்க வேணும்."

"திறப்பு?"

"பேர்தான் திறப்பு எண்டு சொன்னவர்."

இவ்வளவுதானா, பேர் தெரிந்தால் வேலை முடிந்தது என்று விரல்களை நெட்டி முறித்தேன். அதற்குள் வன்தட்டில் காதை வைத்துக் கேட்ட நானா தலையை ஆட்டினார். "புள்ள, உள்ளுக்குத் தட்டுற சத்தம் கேக்குது. இது மௌத்தாகப் போகுது."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வதனி நாற்காலி நுனியில் இருக்கிறாள். "இப்பவே திறவுங்கோ, அக்கா, ஒருக்கால் கேட்டாப் போதும்" என்கிறாள். பிள்ளை அழுகிறது. கைக்குள் பேர் இருக்கிறது, தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். நான் தட்டவில்லை. பூட்டினபடியே அந்தக் கோப்பை முதலில் பிரதி எடுப்போம் என்றேன். "பூட்டினதைப் பிரதி எடுத்து என்ன செய்யிறது?" என்று அவள் கோபித்தாள். நியாயமான கோபம். ஆனாலும் சாகப்போகிற தட்டில் ஒவ்வொரு முறை தேடும்போதும் அதன் உயிர் கொஞ்சம் போகும். பின்னேரம் முழுக்க ஓடி, கோப்பு முழுசாக எங்கள் தட்டுக்கு வந்தது. இரண்டு சீடீயிலும் எழுதினேன். அடுத்த முறை நானா போட்டபோது அந்தத் தட்டு எழும்பவே இல்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து நான் இளகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு தொடங்கியது பேர்ப் படலம். அவர் பேர், வீட்டுப் பேர், பிள்ளையின் பேர், ஊர்ப் பேர், ஊர்ப் பிள்ளையாரின் பேர். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம்! யாழ்ப்பாணத்தார் 'த'வுக்கு ரியோடு எச்சும் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். 'ழ'வுக்குச் சிலர் இசட், சிலர் வெறும் எல். புருஷனின் தமையன் கனடாவிலிருந்து எங்கள் கடைப் போனுக்கே எடுத்துச் சண்டை பிடித்தார்.

"பிள்ளை, ரி போட்டுட்டு எச் போட்டனீரோ?"

"போட்டனான், அண்ணை."

"எச் இல்லாமல்?"

"அதும் போட்டனான்."

"அப்ப உதுக்கு ஒரு பின்கதவு இருக்கும்தானே? உங்களை மாதிரி ஆக்களுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

"அண்ணை, பின்கதவு இருந்தா உங்கட தம்பி இதை நம்பிப் பூட்டியிருக்க மாட்டார்" என்று போனை வைத்தேன். இன்றைக்கும் என்னிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வலுவான குறியாக்கம் நல்லவன் கெட்டவன் பார்க்காது. கண்ணீரையும் பார்க்காது. இதை வாடிக்கையாளரிடம் ஒளிக்காதீர்கள். "பாப்பம், ஏதாவது செய்யலாம்" என்று இழுத்தடிப்பதைப்போல ஒரு பாவம் எங்கள் தொழிலில் இல்லை.

வதனி விடவில்லை. பின்னேரங்களில் பிள்ளையோடு வந்து இருப்பாள். ஆபிரிக்காவிலிருந்து யாராவது போன் எடுத்தால் உடனே கடைக்கு ஆள் அனுப்பும்படி லொட்ஜில் சொல்லி வைத்திருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். அது வேறு யாராகவோ இருக்கும். திரும்பவும் திரையைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது, அதனால்தான் அடிக்கடி தேத்தண்ணி போட எழும்பினேன்.

அப்படி ஒரு பின்னேரம் ஒழுங்கையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. இரண்டு பேர் மேலே வந்தார்கள். ஒருவர் வாசலில் நிற்க, இளம் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே வந்து எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்தார். வதனியின் அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரை. கடவுச்சொல் கேட்டபடி ஒரு கட்டம் மின்னிக்கொண்டு இருந்தது.

"மே மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

நானா என்னைப் பார்த்தார். வங்கிக் கணக்கு என்று சொல்லிவிடு என்றது அவர் கண். சொல்லியிருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கென்றால் அடுத்த கேள்வி, திறந்து காட்டு என்பது. எங்களால் திறக்க ஏலாது. பொய்யும் பூட்டும் ஒன்றாக இருந்தால் கணினி மட்டும் போகாது, லொட்ஜில் இருக்கிற வதனியும் போவாள். இது இந்தப் பிள்ளையின் புருஷனுடைய குரல், மகளுக்காகப் பதிந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறார், திறப்பு எங்களுக்குத் தெரியாது, அதைத்தான் தேடுகிறோம் என்று சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் வதனியைப் பார்த்தார். புருஷன் எங்கே என்று கேட்டார். வெளிநாடு என்றாள். கோல் எடுக்கிறாரா என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பபாகே உபந்தினய தாலா பலன்ன" என்றார். பிள்ளையின் பிறந்த நாளைப் போட்டுப் பாருங்கள் என்கிறார்! நாங்கள் அதை முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டோம். ஆனாலும் அவருக்கு முன்னால் மறுபடி போட்டேன். திறக்கவில்லை. "அனே" என்று, ஐயோ பாவம் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போனபிறகுதான் வதனி உள்ளதைச் சொன்னாள். அவள் உதடு வெள்ளையாக இருந்தது. "அக்கா, அதுக்குள்ள என்ர தம்பியைப் பற்றியும் கதைச்சிருக்கிறார். தம்பி இயக்கத்தில இருந்து செத்தவன். மகள் தன்ர மாமாவைத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு பேரோட சொல்லியிருக்கிறார். அதுதான் பூட்டினவர்."

"ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை!" என்று கத்தினேன். கத்தியபிறகு யோசித்தேன். முதலே சொல்லியிருந்தால் என் வாய் நிச்சயம் உளறியிருக்கும். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லாவிட்டால் துருவாதீர்கள். தெரியாதது தெரியாது என்று துணிவாகச் சொல்ல, உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும்.

அன்றைக்கு மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டேன். இஞ்சி இடித்துப் போட்டது. அவளுக்குப் பயம் தெளியட்டும் என்று வேறு கதை கதைத்தேன். கதையோடு கதையாக, "அவர் சரியா என்ன சொன்னவர்? அந்தச் சொல்லை மாத்தாமல் சொல்லும்" என்று கேட்டேன். இத்தனை நாளாய்க் கேட்காத கேள்வி. தேத்தண்ணி குடுப்பன் என்று வகுப்பில் சொன்னது இதற்குத்தான்.

அவள் யோசித்தாள். "'திறப்பை எழுதி வைக்க வேண்டாம், உமக்குத் தெரியும். நீர் என்னைக் கூப்பிடுறதுதான்' எண்டவர்."

"பேர் எண்டு சொல்லேல்லையா?"

"கூப்பிடுறது எண்டால் பேர்தானே, அக்கா?"

"நீர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறனீரோ?"

அவள் முகம் சிவந்துபோனது. சட்டை விளிம்பைப் பிடித்துத் திருகினாள். அத்தனை நாட்களில் முதல்தரமாகச் சிரித்தாள். "சீ… நான் எங்க பேர் சொன்னனான். 'இஞ்சேருங்கோ' எண்டுதான்…"

நானா தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "அடி புள்ள! ஊர் உலகத்துப் பேரெல்லாம் போட்டோமே!"

இஞ்சேருங்கோ. இங்கே பாருங்கள் என்பதுதான் பொருள். எங்கள் பக்கத்துப் பெண்கள் காலகாலமாகப் புருஷனைக் கூப்பிடுகிற சொல். அது பேர் இல்லை, ஆனால் அதைவிடச் சொந்தமாக வேறு பேரும் இல்லை. உடனே ஆங்கில எழுத்தில் போட்டேன். ஐ, என், ஜே. பிறகு சீ, எச் போட்டு. பிறகு கடைசியில் 'கோ'வை நீட்டி, குறுக்கி. திறக்கவில்லை. எழுத்து ஒன்று பிசகினாலும் திறக்காதுதானே. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தட்டினேன். வதனியின் சிரிப்பு மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் ரயில் போனது. நானாவின் கிளாஸ் இந்த முறை உண்மையாகவே விழுந்தது, எங்கள் விசைப்பலகைக்கு மேலேயே. இஞ்சித் தேத்தண்ணி முழுக்க உள்ளே. அவரை நல்லாய் ஏசிவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த வதனியின் பழைய விசைப்பலகையை எடுத்துத் தூசி துடைத்தேன். துடைக்கும்போது கை நின்றது.

ஆங்கிலம் அடிக்கிறவர்களின் விசைப்பலகையில் எந்த எழுத்துத் தேயும் என்று எனக்குத் தெரியும். ஈ தேயும், ஏ தேயும். இதில் அவை கொஞ்சம் மங்கலாக இருந்தன, அவ்வளவுதான். ஆனால் வலப்பக்கத்தில், ஒருவரும் லேசில் தொடாத அரைப்புள்ளி விசையில் அச்சே இல்லை. விரல் பட்டுப் பட்டு வழவழ என்று ஆகியிருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். அப்போது தமிழ் அடிக்கிறதென்றால் ஆங்கில விசைகளிலேயே அடித்து, எழுத்துருவை மட்டும் தமிழுக்கு மாற்றுவோம். எம் விசையை அழுத்தினால் திரையில் அ தெரியும். எழுத்துருவைக் கழற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும். அந்த முறையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற விசை, அரைப்புள்ளி. க், ங், ச், ஞ் எல்லாவற்றுக்கும் அதை அழுத்தியே ஆக வேண்டும். நாள் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற மனிதரின் விரலுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் எதற்கு? கடவுச்சொல் கட்டத்தில் நட்சத்திரம்தான் விழும், தமிழா ஆங்கிலமா என்று அவர் பார்த்திருக்கவும் மாட்டார். விரல் தன் பாட்டுக்குத் தமிழ் அடித்திருக்கும்.

"வதனி, நீர் எப்பிடிக் கூப்பிடுறனீர்? இஞ்சருங்கோவா, இஞ்சாருங்கோவா, இஞ்சேருங்கோவா? எனக்கு எழுத்துச் சரியா வேணும். கூப்பிடுற மாதிரியே ஒருக்கால் கூப்பிடும்."

"இஞ்சயா? இப்பவா?"

"ஓம். இப்ப."

நானா எழும்பி ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்து நின்றார். வதனி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அடுத்த அறையில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ…"

யாரும் பதில் சொல்லவில்லை. யார் சொல்வது? பிள்ளை மட்டும் தாயின் முகத்தைத் தொட்டுப் பார்த்தது.

அந்தத் தேய்ந்த விசைப்பலகையில், தமிழ் முறையில், அவள் கூப்பிட்ட அதே ஓசைக்கு அடித்தேன். இனாவுக்குக் காற்புள்ளி. ஞானாவுக்குப் பெரிய கியூ, அதற்குப் புள்ளியாக அரைப்புள்ளி. இப்படியே கடைசிக் 'கோ' வரைக்கும். பூட்டுத் திறந்தது.

உள்ளே 'பிள்ளைக்கு' என்று பேரிட்டு, வரிசையாக ஒலிக்கோப்புகள். நான் காதுக்கு மாட்டுவதை அவளிடம் கொடுத்துவிட்டு என் நாற்காலியை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அது எங்கள் கடைப் பழக்கம், நீங்களும் பழகுங்கள். திறந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை, பார்ப்பது கேட்பது எல்லாம் அவர்களுடையது. அவள் நெடுநேரம் கேட்டாள். அழுகிற சத்தம் வந்தது, சிரிக்கிற சத்தமும் வந்தது. பிள்ளையின் காதிலும் வைத்தாள். பிள்ளை, "ஆர்?" என்று கேட்டது.

"உங்கட அப்பா, செல்லம்."

பிறகு நான் ஒன்று கேட்டேன். "பூட்டில்லாமல் ஒரு பிரதி எடுத்துத் தரட்டா? ஒவ்வொரு முறையும் இந்த அரியண்டம் வேண்டாமே."

"வேண்டாம், அக்கா. தம்பி அதுக்குள்ள இருக்கிறான். அதோட…" என்று நிறுத்தினாள். "அதை அடிக்க எனக்குக் காட்டித் தாங்கோ. எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை எண்டு."

அவளுக்குத் தமிழ் தட்டச்சு தெரியாது. அந்த ஒரு சொல்லை மட்டும் படித்தாள். முதலில் ஒரு விரலால், பிறகு பார்க்காமலே. இன்றைக்கும் அவள் வெள்ளவத்தையில்தான் இருக்கிறாள். மகள் படித்து வேலைக்கும் போய்விட்டாள். வெளிநாட்டுக்கு வரச்சொல்லிப் புருஷனின் தமையன் எத்தனை தரம் கேட்டும் போகவில்லை, புருஷன் திரும்பி வந்தால் இந்த ஊர் விலாசம்தானே அவருக்குத் தெரியும் என்கிறாள். கணினிகள் மாறின, கோப்பு அதேதான். திறப்பை எழுதப் போகிறேன் என்று நேற்று அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ, அக்கா. அதுக்குப் பின்னால இப்ப வேற சொல்லுகளும் சேத்திட்டன். நீங்கள் சொல்லித் தந்ததுதானே" என்று சிரித்தாள். பிறகு, "ஆனா முதல்ல அடிக்கிறது அதுதான்" என்றாள்.

பூட்டுத் திறந்த அன்றைக்கு அவள் காதிலிருந்து மாட்டுவதைக் கழற்றி, கடைசிக் கோப்பை மட்டும் எங்களுக்கும் கேட்கும்படி போட்டாள். வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. ஏதோ ஊர்க் குளத்தைப் பற்றி அவர் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிதானமான குரல். பின்னால் எங்கோ ஏதோ தாளிக்கிற சத்தம். அதற்குள் தூரத்தில், சமையல் பக்கம் இருந்து, ஒரு பெண்குரல். வதனியினுடையது.

"இஞ்சேருங்கோ…"

அவர் குளத்தைப் பாதியில் விட்டார். நாற்காலியை அரக்கி எழும்புகிற சத்தம் கேட்டது.

"ஓம், வாறன்" என்றார். அத்தோடு பதிவு முடிந்தது.